ஆள், பெண்டாள், சித்தாள்

கூலியின் வரலாறு – பகுதி 17

கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணைத் தண்ணீர் பாயும் ஒரு கழனியின் வரப்பில் உட்கார்ந்துதான் இந்தப் பகுதிக்கான முதல் குறிப்பை எழுதினேன். நடவு நாள். மேற்கே கல்வராயன் மலை நீலமாக நின்றது. நான்கு ஆண்கள் நாற்றைப் பறித்து, வேர்ச் சேற்றைத் தண்ணீரில் அலசி, முடி கட்டிக் கழனிக்குள் வீசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டபடியே பின்னால் நகர்ந்து வந்தார்கள். இடது கையில் முடி இருக்கும். வலது கை அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றும். அந்த வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியவில்லை.

கழனிக்காரரின் சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி. கூலிக் கணக்கு எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன்; தயங்காமல் எடுத்துக் காட்டினார். அன்றைய தேதிக்கு நேரே பால்பாயிண்ட் பேனாவில் இப்படி எழுதியிருந்தார்: ‘ஆள் 4. பெ.ஆள் 11.’ கீழே டிராக்டர் வாடகை, டீச் செலவு. நிமிர்ந்து கழனியில் குனிந்திருந்த முதுகுகளை எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடியும் எண்ணினேன். பன்னிரண்டுதான். எழுத்துப் பிழையாக இருக்கும் என்று அப்போது விட்டுவிட்டேன்.

அந்த வரியில் இன்னொன்றும் இருக்கிறது. ‘ஆள்’ என்று மட்டும் எழுதினால் அது ஆண். பெண் என்றால் முன்னால் ஓர் அடைமொழி வேண்டும்: பெண்டாள், பொம்பள ஆளு. கட்டட வேலைக்குப் போனால் கொத்தனார், பெரியாள், சித்தாள். சித்தாள் என்றால் சிறிய ஆள் என்றுதான் பொருள். நாற்பது வயதுப் பெண்மணி, மூன்று பிள்ளை பெற்றவர், தலையில் கலவைச் சட்டியோடு இரண்டு மாடி ஏறுபவர், அவரும் சித்தாள்தான். கூலி எவ்வளவு என்று பேசுவதற்கு முன்பே பெயரில் கூலி பேசி முடிக்கப்பட்டுவிடுகிறது. ஆண் பெண் ஊதிய இடைவெளியை அளக்க நினைக்கும் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது.

அளக்கும் வாய்பாடு என்னவோ எளிதுதான். ஆண் கூலியிலிருந்து பெண் கூலியைக் கழித்து, மீதியை ஆண் கூலியால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். ஆணுக்கு நாளுக்கு 600 ரூபாய், பெண்ணுக்கு 300. இடைவெளி 50 சதவீதம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

ஆனால் எது ஒரு நாள்? ஆண் காலை எட்டு மணிக்கு இறங்கி நான்கு மணிக்குக் கரையேறுகிறார். சாப்பாட்டு நேரம் போக ஏழு மணி நேரம் என்று வைப்போம். பெண்கள் ஒன்பது மணிக்கு இறங்கி இரண்டு மணிக்கு ஏறுகிறார்கள். ஐந்து மணி நேரம். இப்போது மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஆணுக்கு 85 ரூபாய் 71 காசு, பெண்ணுக்கு 60 ரூபாய். இடைவெளி 30 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. கழனி மாறவில்லை, கூலி மாறவில்லை. அளக்கும் கோல் மாறியதில் இருபது புள்ளி மறைந்துவிட்டது.

‘அவங்க வர்றதே ஒம்பது மணிக்குத்தானே’ என்று கழனிக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் ஒன்பது மணி வரை அந்தப் பெண் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கும் நம் நாட்டில் புள்ளிவிவரம் இருக்கிறது. 1998-99இல் ஆறு மாநிலங்களில் சோதனை முறையில் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் தமிழ்நாடும் ஒன்று. நாடு முழுவதும் முதன்முறையாக 2019இல் எடுத்தார்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம்; அந்த வேலையைச் செய்யும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். 2024இல் மீண்டும் எடுத்தபோது 289, 88. தண்ணீர் பிடித்து, சோறாக்கி, ஆட்டை அவிழ்த்துக் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வருகிறவரின் ஒன்பது மணியும், ஆக்கி வைத்த சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்து வருகிறவரின் எட்டு மணியும் ஒன்றல்ல. மணிக் கூலியால் அளப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அது ஓர் உண்மையைக் காட்டும்போது இன்னொன்றை மறைக்கிறது. இரண்டையும் எழுதினால்தான் கணக்கு முடியும்.

அரசாங்கத்தின் கோல் நீண்ட காலம் நேர்மாறாக இருந்தது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு நாளை அரை நாள், முழு நாள் என்று பிரிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல், நான்கு மணி நேரத்துக்குள் என்றால் அரை நாள். நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் முழு நாள். நான்கு மணி நேரம் நட்டவரும் முழு நாள்தான், எட்டு மணி நேரம் வெட்டியவரும் முழு நாள்தான். 2017-18இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில்தான் எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கும் இடம் கிடைத்தது.

சரி, இந்தக் கணக்கை நாம் எப்போது எழுதத் தொடங்கினோம்?

இந்த வட்டாரத்துக்கு அதில் ஓர் இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பிக் கிராமக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1918இல் அது புத்தகமாக வந்தது. அந்த ஊர்களில் ஒன்று தென்னாற்காட்டின் இருவேல்பட்டு; இன்று பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அன்று கள்ளக்குறிச்சியும் அதே தென்னாற்காட்டின் ஒரு தாலுகாதான். 1936-37இலும், 1981இலும், 2008இலும் ஆய்வாளர்கள் இருவேல்பட்டுக்குத் திரும்பிப் போய்ப் பழைய கணக்கோடு புதிய கணக்கை ஒப்பிட்டார்கள். தொண்ணூறு ஆண்டு தொடர்ந்து அளக்கப்பட்ட ஊர் இந்தியாவில் மிகக் குறைவு.

ஆனால் படியாள் காலத்துக் கூலியில் பெண்ணின் பங்கைப் பிரித்தெடுப்பது எளிதல்ல. படியாள் என்றால் ஆண்டுக் கணக்குக்கு அமர்ந்த ஆள். கூலி நெல்லாக, படியும் மரக்காலுமாக அளக்கப்படும். பேச்சு ஆணோடு. உழைப்போ பெரும்பாலும் குடும்பத்தினுடையது: மனைவி மாட்டுத் தொழுவம் கூட்டுவார், பிள்ளை மாடு மேய்ப்பான். அந்த மரக்கால் நெல்லில் எத்தனை படி அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியது என்பதற்கு எந்த ஏட்டிலும் வரியில்லை.

வரி கிடைத்தது 1950-51இல். சுதந்திர இந்தியாவின் முதல் விவசாயத் தொழிலாளர் விசாரணை அப்போது நடந்தது, இரண்டாவது 1956-57இல். முதல் விசாரணையில் அனைத்திந்திய அளவில் ஆணின் சராசரி நாள் கூலி 109 பைசா, பெண்ணின் கூலி 68 பைசா. (அன்று அணாதான் புழக்கத்தில் இருந்தது, பைசாக் கணக்கு பின்னால் மாற்றி எழுதியது.) இரண்டாவது விசாரணையில் இரண்டுமே இறங்கிவிட்டன: ஆணுக்கு 96, பெண்ணுக்கு 59. சதவீதம் போட்டுப் பார்த்தால் இடைவெளி முதலில் 38ஐ ஒட்டி இருந்தது. அங்கேதான் ஏறக்குறைய நின்றது. கூலி குறைந்தபோது இருவருக்கும் சேர்ந்தே குறைந்தது.

முதல் விசாரணையில் இன்னொரு பத்தியும் உண்டு. அதைப் பார்க்காமல் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆண்டில் எத்தனை நாள் கூலி வேலை கிடைத்தது? 1950-51இல் தினக்கூலி ஆணுக்குச் சராசரி 200 நாள், பெண்ணுக்கு 134 நாள். இப்போது பெருக்கிப் பாருங்கள். ஆணுக்கு ஆண்டுக்கு 218 ரூபாய், பெண்ணுக்கு ஏறக்குறைய 91 ரூபாய். நாள் கூலியில் 38 சதவீதமாக இருந்த இடைவெளி ஆண்டு வருமானத்தில் 58 சதவீதமாகிவிட்டது. சராசரியைச் சராசரியால் பெருக்குவது தோராயம்தான் என்றாலும், திசை மாறாது. மணிக்கு அளந்தால் குறையும், நாளுக்கு அளந்தால் கூடும், ஆண்டுக்கு அளந்தால் இன்னும் கூடும். செய்தித்தாளில் ‘பெண்கள் இத்தனை சதவீதம் குறைவாகப் பெறுகிறார்கள்’ என்று ஒரே ஓர் எண்ணைப் பார்த்தால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: மணிக்கா, நாளுக்கா, ஆண்டுக்கா?

அந்தக் காலத்தில் டெல்லியில் போட்ட கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அடிப்படை வகுத்தது. ஒரு சம்பாத்தியக்காரருக்கு மூன்று நுகர்வு அலகு: கணவன் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகளுக்கு 0.6 வீதம். பெண்கள், பிள்ளைகள் சம்பாதிப்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் விதித்தார்கள். ஆணின் கூலி குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான் அது. ஆனால் அந்த ஏட்டில் பெண் சாப்பிடுகிறவராக 0.8 இருக்கிறார், சம்பாதிக்கிறவராக இல்லவே இல்லை. அதே ஆண்டுகளில் கழனிகளில் இறங்கி 59 பைசா வாங்கியவர்கள் லட்சக்கணக்கானோர்.

இப்போது மலைக்குப் போவோம்.

கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்பவர் என்றுதான் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து மேலேறி வந்த முன்னோரின் கதையை இவர்கள் சொல்லிவருகிறார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை மூன்று ஜாகிர்களாக இருந்தது: சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர். சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. மலைமேல் ஜாகிர் ஆட்சி 1976 வரை நீடித்தது. அதுவரை குடிகள் ஜாகிர்தாருக்கு வரி கட்டினார்கள். அதோடு கூலியில்லா ஊழியமும் செய்தார்கள்.

வாய்பாட்டை இங்கே போட்டுப் பாருங்கள். ஆணின் கூலி பூஜ்யம். பெண்ணின் கூலி பூஜ்யம். கழித்தால் பூஜ்யம். ஊழியக் காலத்து மலையில் ஆண் பெண் ஊதிய இடைவெளியே இல்லை! இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ எண்களைப் பார்த்துவிட்டேன். இந்தப் பூஜ்யம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. இடைவெளி என்ற எண் இரண்டு பேரை ஒப்பிடும். அந்த இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

1976 என்ற ஆண்டே விசேஷமானது. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நூறாவது உடன்படிக்கை 1951இல் உருவானது. இந்தியா அதை 1958 செப்டம்பர் 25 அன்று ஏற்றது. ஏற்ற பிறகு பதினேழு ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 1975 செப்டம்பர் 26 அன்று, சம ஊதிய அவசரச் சட்டம் வந்தது. அடுத்த மாதம் 24ஆம் தேதி கொத்தடிமை ஒழிப்பு அவசரச் சட்டம். (அதே அக்டோபர் 24 அன்றுதான் ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது பெண்கள் வீட்டு வேலை உட்பட எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள்.) இரண்டு அவசரச் சட்டங்களும் 1976 பிப்ரவரியில் முழுச் சட்டமாயின. அந்த ஆண்டே கல்வராயன் மலை ஜாகிர்தார்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. கூலியே இல்லாத உழைப்பு குற்றம் என்பதும், கூலியில் ஆண் பெண் பேதம் குற்றம் என்பதும், இந்த மலைக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏறி வந்தன.

பிறகு நடந்தது என்ன? ஆண்கள் கூலி தேடி மலையிறங்கினார்கள்: சமவெளிக் கரும்புத் தோட்டங்களுக்கு, கேரளத்துக்கு, கர்நாடகத்துக்கு. பெண்களில் பலர் சாமை, கேழ்வரகு, மரவள்ளிக் காட்டோடு மலையில் நின்றார்கள். விதைப்பதும் களையெடுப்பதும் சாமையைக் குத்திப் புடைப்பதும் அவர்கள்தான். கணக்கெடுப்பாளரின் படிவத்தில் இவர்களுக்குப் பெயர் உண்டு: குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர். வேலை செய்பவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையில் இவர்கள் சேர்கிறார்கள். ஆனால் ஊதியம் இல்லாததால் ஊதிய இடைவெளிக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே மிகக் குறைவாகப் பெறுபவர்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் இடைவெளி அளக்கப்படுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட இந்திய ஊதிய அறிக்கை, 1993-94இல் 48 சதவீதமாக இருந்த இடைவெளி 2011-12இல் 34 சதவீதமாகக் குறைந்தது என்கிறது. நல்ல செய்திதான். கூலி வாங்கியவர்களைப் பற்றிய செய்தி அது. சாமை புடைத்தவர்கள் அதில் இல்லை.

இன்னொரு முடிச்சு தமிழ்நாட்டுக்கே உரியது. பெண் கல்வியிலும் பிரசவ கால நலத்திலும் வடமாநிலங்களைவிட முன்னால் நிற்கும் தெற்கில், விவசாயக் கூலியில் ஆண் பெண் வித்தியாசம் வடக்கைவிட அதிகம். டென்மார்க்கைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் எஸ்டர் போஸரப் 1970லேயே இதைக் கவனித்து ஒரு காரணம் சொன்னார்: தெற்கில் கழனியில் இறங்கும் பெண்கள் அதிகம், ஆள் அதிகமானால் கூலி குறையும். கனிகா மகாஜனும் பரத் ராமசாமியும் 2017இல் அந்தக் கருத்தைப் புள்ளிவிவரத்தோடு உரசிப் பார்த்தார்கள். வடக்குக்கும் தெற்குக்கும் இருக்கும் வித்தியாசத்தில் 55 சதவீதத்தைப் பெண் உழைப்பின் அளவே விளக்கிவிடுகிறது என்று கண்டார்கள். வடக்கே பல சாதிகளில் பெண்ணைக் கூலி வேலைக்கு அனுப்புவதில்லை. அங்கே வரும் சிலருக்குக் கூலி ஆணை ஒட்டியே கிடைக்கிறது. இடைவெளி சிறிதாக இருக்கும் ஊரில் பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிட முடியாது. அவர்கள் வீட்டுக்குள் இருக்கலாம்.

அப்படியென்றால் எண்ணைச் ‘சரிக்கட்டி’ப் பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள். 1973இல் ரொனால்ட் வஹாக்கா, ஆலன் பிளைண்டர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் தனித்தனியாக ஒரே முறையைக் கொண்டுவந்தார்கள். மொத்த இடைவெளியை இரண்டாகப் பிரிப்பார்கள். படிப்பு, வயது, அனுபவம், வேலையின் வகை ஆகியவற்றால் விளங்கும் பகுதி ஒன்று. எதனாலும் விளங்காத மீதி இன்னொன்று. அந்த மீதியைத்தான் பாகுபாடு என்று பலர் படிக்கிறார்கள். அலுவலகம், தொழிற்சாலைகளுக்கு இது நல்ல கருவி.

அதை எடுத்துக்கொண்டு நம் கழனிக்கு வாருங்கள். வரப்பு வெட்டுவது, மருந்தடிப்பது, டிராக்டர் ஓட்டுவது ஆண் வேலை. நடவும் களையும் பெண் வேலை. தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் ஊரகக் கூலி விவரம் வெளியிடுகிறது. உழவு, நடவு-களையெடுப்பு, அறுவடை என்று வேலைவாரியாக, ஆண் பெண் எனத் தனித்தனியாக. ஒரே வரியில் இரண்டு கட்டமும் நிரம்பியிருந்தால் ஒப்பிடலாம். உழவு வரியில் பெண் கட்டம் பெரும்பாலும் வெறுமை. ‘வேலையின் வகை’ என்ற காரணத்தைக் கழித்துவிட்டால் கழனியின் இடைவெளியில் பெரும் பங்கு ‘விளங்கிய பகுதி’க்குப் போய்விடும். விளங்கியது என்றால் நியாயமானது என்று பொருளல்ல. மருந்து டப்பாவைத் தூக்கியவருக்கு ஏன் இவ்வளவு, ஐந்து மணி நேரம் நிமிராமல் நட்டவருக்கு ஏன் அவ்வளவு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நடவைக் ‘கனமில்லாத வேலை’ என்பவர்களை ஒரே ஒரு முடி நாற்றை நட்டுப் பார்க்கச் சொல்வேன்; இடுப்பு பதில் சொல்லும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் இதே சிக்கல் உண்டு. இராசராசன் நியமித்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தலைக்கு ஒரு பங்கு, நூறு கலம் நெல். நட்டுவம் செய்த ஆண்களுக்கு இரண்டு பங்கு. வேலை வேறு, ஆகவே கூலி வேறு என்று சொல்லிவிடலாம். ஆடும் வேலைக்கு ஒன்று, ஆட்டுவிக்கும் வேலைக்கு இரண்டு என்று யார் நிறுத்தார்கள் என்றும் கேட்கலாம். ஆயிரம் ஆண்டாக நடந்துவரும் வாதம் இது.

நீதிமன்றத்தில் இந்த வாதம் 1987இல் முட்டியது. மெக்கின்னன் மெக்கன்சி கப்பல் நிறுவனத்தில் ஸ்டெனோகிராபராக இருந்த ஆட்ரி டிகோஸ்டா, ஆண் ஸ்டெனோகிராபர்களைவிடத் தமக்குக் குறைந்த சம்பளம் தரப்பட்டதாக 1976 சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார். அதிகாரிகளிடம் அந்தரங்க ஸ்டெனோகிராபர்களாக இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். அந்த வகையில் ஆணே இல்லை, எனவே ஒப்பிட முடியாது என்பது நிறுவனத்தின் வாதங்களில் ஒன்று. உச்ச நீதிமன்றம் மார்ச் 26 அன்று அதை ஏற்க மறுத்தது. பெயரைப் பார்க்காதே, வேலையின் தன்மையைப் பார். சில்லறை வித்தியாசங்களை எண்ணாதே என்பது தீர்ப்பின் சாரம். 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 1976 சட்டத்தை உள்வாங்கிக்கொண்டபோதும் ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’ என்ற அளவுகோல் தொடர்ந்தது. பம்பாய்க் கப்பல் அலுவலகத்தில் எழுந்த அந்தக் கேள்வியை நாற்றங்காலில் நின்று ஒருவரும் இதுவரை உரக்கக் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம். நாற்றுப் பறிப்பதும் நாற்று நடுவதும் ஒத்த தன்மையுள்ள வேலையா, இல்லையா?

கரும்பு இன்னும் சிக்கல். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் இது. வெட்டுக் கூலி டன் கணக்கு. குடும்பமாகப் போகிற இடத்தில் அவர் வெட்டுவார், இவர் சோகை உரித்துக் கட்டுக் கட்டுவார். பணம் ஒரே கையில். செங்கல் சூளையிலும் அப்படித்தான், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. இங்கே பெண்ணின் கூலியை அளக்கவே முடியாது. ஏனென்றால் அது தனியாக எங்கும் பிறப்பதே இல்லை. படியாள் ஏட்டில் பார்த்த அதே மௌனம் டன் ரசீதிலும்.

2006 பிப்ரவரி 2 அன்று நூறு நாள் வேலைத் திட்டம் முதல் கட்டமாக 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஆறு, விழுப்புரம் அதில் ஒன்று. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. அன்று விழுப்புரத்தோடு இருந்ததால் திட்டம் முதல் நாளிலிருந்தே இங்கு நடந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். தமிழ்நாட்டில் தொடக்கத்தில் 80 ரூபாய். 2024-25இல் 319, 2025-26இல் 336. வேலை அட்டையில் தன் பெயர், தன் பெயரில் வங்கிக் கணக்கு, ஆணுக்கு எவ்வளவோ அவ்வளவு என்பதை ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நின்ற பெண்கள் முதன்முறையாக அனுபவித்தார்கள். தனியார் கழனியில் பெண் கூலியை உயர்த்திக் கேட்க அது ஒரு பிடிமானமானது. ‘நூறு நாள் வேலை வந்ததிலிருந்து ஆளே கிடைக்கலை’ என்று கழனிக்காரர்கள் சலித்துக்கொண்டது பெரும்பாலும் இந்தப் பெண்டாட்களைப் பற்றித்தான். இதற்காக நான் அந்தத் திட்டத்துக்கு நன்றி சொல்வேன்.

ஆனால் அளவுகோலைக் கீழே வைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். வெளியே அதைவிடக் கூடுதல் கூலி கிடைப்பதால் ஆண்கள் வரவில்லை. ஏரிக்கரையில் இடைவெளி பூஜ்யம். ஆண் வேறெங்கோ நிற்பதால் கிடைத்த பூஜ்யம். ஜாகிர் காலத்துப் பூஜ்யத்தைவிட இது எவ்வளவோ மேல். இருந்தாலும் பூஜ்யத்தைப் பார்த்ததும் உடனே மகிழ்ந்துவிடாமல், ஒப்பிட்ட இரண்டு பேரும் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பதை அந்த மலையிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அன்று இரண்டு மணிக்கு நடவு முடிந்தது. வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு எல்லோரும் புங்கமரத்தடிக்கு வந்தார்கள். கழனிக்காரர் ஆண்கள் நால்வருக்கும் தனித்தனியாக எண்ணிக் கொடுத்தார். பெண்களின் கூலியை மொத்தமாக, ஆள் கூட்டி வந்த அம்மாவின் கையில் வைத்தார்.

‘‘பதினோரு ஆளு, சரியாம்மா?’’

‘‘சரிங்கண்ணே.’’

அவர் போன பிறகு அந்த அம்மா முந்தானையை விரித்து நோட்டுகளைப் பரப்பினார். சில்லறை வேண்டும் என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டு வாங்கினார். பிறகு பங்கு வைத்தார். எண்ணிக்கொண்டே வந்தேன்: பன்னிரண்டு.

பன்னிரண்டாவது பங்கு வாங்கியது ஓர் இளம்பெண். வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமம். மலையிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர். பேசின ஆள் பதினொன்றுதான், கூட ஒருத்தி என்றால் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அந்த அம்மா சொன்னார். ‘‘இது மலையில சாமைக் காட்டுலதான் வேல செஞ்சிருக்கு. கூலின்னு கையில வாங்குனதே இல்லையாம். வந்த புள்ளைய சும்மா அனுப்ப முடியுமாக்கா?’’ என்று தன்னைவிட மூத்தவரைப் பார்த்துக் கேட்டார். மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் தன் பங்கை மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த ஊருக்குக் கணக்கெடுப்பாளர் போயிருந்து, டைரியைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால், பதினோரு பெண்கள், தலைக்கு இவ்வளவு என்று எழுதியிருப்பார். பெண்களைக் கேட்டிருந்தால் கூலி அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு குறைவாக வந்திருக்கும். இடைவெளி அதனால் கூடியிருக்கும். அந்த இளம்பெண் நோட்டுகளை விரித்துப் பார்த்தார், மடித்தார், மறுபடியும் விரித்துப் பார்த்தார். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.